மாண்டலினும் ஒலிபெருக்கியும்

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள் ஆற்றிய உரை)

 

'கல்வியும் முன்னேற்றமும்' என்னும் தலைப்பில் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்திருந்தனர். அத்தலைப்பில் நேற்று மூவர் பேசினார்கள், நன்றாகவே பேசினார்கள். நான்காவதாக நாமும் அதையே பேசினால் பெரியோர்கள் பொறுத்துக் கொள்வீர்கள்; மாணவர்கள் பொறுக்க மாட்டார்கள். ஆதலின் குழுவினரின் இசைவைப் பெற்று வேறொரு பொருளை எடுத்துக் கொள்கின்றோம். சென்ற ஆண்டு இதே மேடையில் நிகழ்ந்த ஒரு குறையைப் பற்றியது அது.

சென்ற ஆண்டு விழாவில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மாண்டலின் வாசித்தாள். சிலருக்கு நினைவிருக்கும். பலருக்கு நினைவிராது, ஏனெனில் நான்காம் வரிசைக்குப் பின்னால் அமர்ந்திருந்த எவருக்கும் அது கேட்கவில்லை. பேச்சாளர்களுக்கு வைத்திருந்த ஒலிவாங்கியை இறக்கி அவள் முன் வைத்தார்கள். ஒலியைக் கூட்டினால் பெட்டி ஊளையிட்டது. குறைத்தால் மாண்டலின் மறைந்தது. இரண்டு உருப்படிகள் வாசிக்க வந்தவள் ஒன்றோடு நிறுத்திக்கொண்டு இறங்கிவிட்டாள். நாமும் கைதட்டினோம். காதில் விழாத பாட்டுக்குக் கைதட்டுவது எவ்வளவு பொய்யான செயல் என்பதை அன்று உணர்ந்தோம்.

விழா முடிந்ததும் மைக்செட்காரர் நம்மிடம் வந்து நல்லெண்ணத்தோடு ஒரு வழி சொன்னார். "சார், உள்ளாற ஒரு மைக்கு வெச்சி, ஓரத்துல ஒரு ஓட்டை போட்டு சாக்கெட்டு மாட்டிட்டா தீந்துது. அரை மணி வேலை" என்றார். அருகில் நின்ற பெண் கருவிப் பெட்டியை மார்போடு அணைத்துக் கொண்டு இரண்டடி பின்னால் சென்றாள். அவள் ஒன்றும் பேசவில்லை. பேசியவர் அவளுடைய பாட்டியார். "அது அவர் கை பட்ட சாமான் சார். அதுல ஒரு ஆணி கூட இறங்கக் கூடாது. கொழந்த வாசிக்கட்டும்னு குடுத்திருக்கேன், அவ்ளோதான்" என்றார்.

அவர் என்று அந்த அம்மையார் குறித்தது தம் கணவரை. சுற்றுப்புறக் கிராமங்களில் நாடகம் நடந்த காலத்தில் பக்கவாத்தியமாக இந்த மாண்டலினை வாசித்தவர். பகலெல்லாம் கூலி வேலை, இரவெல்லாம் நாடகம் என்று வாழ்ந்தவர். அவர் விட்டுச் சென்ற உடைமை என்று சொல்லத்தக்கது இது ஒன்றுதான். பேத்திக்குப் பின் யாருக்குப் போக வேண்டும் என்பதையும் அந்த அம்மையார் முடிவு செய்து வைத்திருக்கின்றார். ஆகவே நம்முன் நின்ற வினா இதுதான்: மரத்தில் ஒரு துளையும் இடாமல், ஒரு கீறலும் விழாமல், இக்கருவியின் ஒலியைக் கடைசி வரிசை வரை எப்படிக் கொண்டு செல்வது?

அந்த அம்மையாரின் பக்கம் நாம் உடனே சாய்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை மறைத்துவிட்டு அறிவுரை கூறுதல் முறையாகாது. நாம் பணியில் சேர்ந்த சில ஆண்டுகளில், 1996ஆம் ஆண்டு, வேறோர் ஊர்ப் பள்ளியில் கலை விழாப் பொறுப்பை நம்மிடம் கொடுத்திருந்தார்கள். அப்பள்ளியின் அலமாரியில் நல்ல மாண்டலின் ஒன்று இருந்தது. விடுதலை நாள் விழாவில் அது ஒலிக்க வேண்டும் என்னும் ஆர்வத்தில், வானொலி பழுது பார்ப்பவர் ஒருவரிடம் அதைக் கொடுத்தோம். அவர் மேற்பலகையில் குதிரைக்கு அருகே ஒரு துளையிட்டு ஒலி கூட்டும் குமிழைப் பொருத்தினார். பக்கவாட்டில் இன்னொரு துளையிட்டுச் செருகு துளை அமைத்தார். விழாவன்று கருவி கணீரென்று ஒலித்தது. சிறப்பு விருந்தினர் பாராட்டினார். அடுத்த கோடை விடுமுறை முடிந்து அலமாரியைத் திறந்தபோது, அந்தத் துளையிலிருந்து மரத்தின் ரேகையோடு இரண்டு விரற்கடை நீளத்துக்கு மேற்பலகை பிளந்திருந்தது.

ஏன் பிளந்தது என்பது பிற்பாடு விளங்கிற்று. மாண்டலினின் மேற்பலகை இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனமே உடையது. அதன் மீது நிற்கும் குதிரையை எட்டுத் தந்திகளும் அழுத்திக்கொண்டே இருக்கின்றன. அவ்வெட்டுத் தந்திகளும் சேர்ந்து இழுக்கும் விசை வளர்ந்த ஆள் ஒருவரின் எடைக்கு ஒப்பாகும். அவ்வளவு சுமையையும் அந்த மெல்லிய பலகை தாங்குவது அதன் ரேகைகள் அறுபடாமல் இருப்பதால்தான். அறுத்தவர் துளைக்கருவிக்காரர் என்று சொல்லித் தப்ப முடியாது. அனுமதித் தாளில் இருந்தது நம் கையெழுத்து. நாம் மாற்றலாகி வரும்வரை அக்கருவி அந்த அலமாரியிலேயே கிடந்தது.

இனிப் பொருளுக்கு வருவோம். மாண்டலின் ஏன் இவ்வளவு மெல்ல ஒலிக்கின்றது?

நம் தெருக்களில் பிறந்த கருவிகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. பறை மூன்று தெரு தாண்டிக் கேட்கும். நாகசுரமும் தவிலும் திறந்த வெளியில் முழங்குவதற்கென்றே அமைந்தவை. வைகாசிக் கருட சேவையின்போது வரதராசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் நாகசுரத்தை நம் முன்னோர்கள் எவ்வளவு தொலைவில் நின்று கேட்க வேண்டியிருந்தது என்பது இன்றைய பொருள் அன்று. அவ்வளவு தொலைவிலும் கேட்டது என்பது அக்கருவியின் சிறப்பு.

மாண்டலினோ அறைக்குள் பிறந்த கருவி. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் 18ஆம் நூற்றாண்டில் இப்போதைய வடிவத்தை அடைந்தது. நான்கு இணைகளாக எட்டுத் தந்திகள். பேசும் தந்தியின் நீளம் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். மீட்டியவுடன் ஒலி எழுந்து உடனே அடங்கிவிடும். அதனால்தான் நீண்ட சுரம் வேண்டுமானால் வாசிப்பவர் மீட்டுகோலை இடைவிடாமல் மேலும் கீழும் ஓட்டுகின்றார். ஒலியோ தொலைவு இரட்டிக்குந்தோறும் பாதியாகத் தேய்கின்றது; அறிவியலார் இதை ஆறு டெசிபெல் குறைவு என்பார்கள். ஒரு மீட்டரில் கேட்பது இரண்டில் பாதி, நான்கில் கால், எட்டில் அரைக்கால், பதினாறு மீட்டரில் வீசம். அந்த வீசத்தின் மேல் மின்விசிறியும் குழந்தைகளின் அழுகையும் விழுந்தால் மிஞ்சுவது என்ன?

ஒலிபெருக்கி வருவதற்கு முன் கலைஞர்கள் இதைத் தொண்டையாலேயே வென்றார்கள். நம் காஞ்சிபுரத்து நயினாப் பிள்ளை அவர்கள் மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று தாளக்காரர்கள் சூழ்ந்திருக்க, 'ஃபுல் பெஞ்ச்' என்று பேர்பெற்ற கச்சேரிகளைச் செய்தவர், 1934இல் மறைந்தார். நாடக மேடையில் 1933இல் இளமையிலேயே மறைந்த எஸ். ஜி. கிட்டப்பா அவர்கள் உச்ச சுருதியில் பாடிக் கொட்டகையின் கடைசி வரை எட்டச் செய்தார். ஒலிவாங்கி பரவிய பிறகு பாடகர்கள் சுருதியை இறக்கிக்கொண்டார்கள். மெல்லிய நெளிவுகளுக்கு அவையில் இடம் கிடைத்தது. ஆகவே ஒலிபெருக்கி இசைக்குப் பகை என்று கூறுவோர் கூற்றை நாம் ஏற்பதில்லை. மெல்லப் பேசுவோரையும் அவை கேட்கும்படி செய்த கருவி அது.

இச்செய்தியை நம் பள்ளியில் பேசிக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் எழுந்து, "மாண்டலின் ஸ்ரீநிவாஸ் மின்சார மாண்டலின்தானே வாசித்தார்? அவர் செய்ததை நாம் ஏன் செய்யக் கூடாது?" என்று கேட்டான். நல்ல வினா. யு. ஸ்ரீநிவாஸ் அவர்கள் 1969இல் ஆந்திரத்தில் பாலகொல்லு என்னும் ஊரில் பிறந்தார். தந்தையாரின் மாண்டலினைச் சிறுவயதில் எடுத்து வாசிக்கத் தொடங்கி, 1978இல் குடிவாடாவில் முதற் கச்சேரி செய்து, 1981இல் சென்னை இரசிகர்களின் முன் வந்தார். இது கருநாடக இசைக்கு ஒத்த கருவி அன்று என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். அவர் வாசித்தே அவர்களை அடக்கினார். 1998இல் பத்மஸ்ரீ பெற்றார். 2014 செப்டம்பர் 19ஆம் நாள் 45ஆம் வயதில் சென்னையில் காலமானார்.

அவர் கையாண்டது இணைத் தந்திகளை விடுத்து ஐந்து ஒற்றைத் தந்திகள் பூட்டிய மின் மாண்டலின். இரண்டு தந்திகளை ஒருங்கே இழுத்துக் கமகம் பிடிப்பது அரிது. ஒற்றைத் தந்தியில் அது இயலும். மின்னொலியால் சுரம் நீண்டு நிற்கும். நிற்கும் சுரத்தில்தான் கமகத்தை அசைக்க முடியும். அமெரிக்காவில் 1952ஆம் ஆண்டிலேயே பால் பிக்ஸ்பி என்பவர் டைனி மூர் என்னும் கலைஞருக்கு ஐந்து தந்தி மின் மாண்டலின் செய்து கொடுத்திருக்கின்றார். அவையெல்லாம் தொடக்கத்திலேயே மின்னுக்கென்று செய்யப்பட்டவை. ஒருவர் புதிதாக வீடு கட்டும்போது சுவரில் சன்னல் வைப்பது வேறு. பாட்டன் கட்டிய வீட்டின் சுவரை இடித்துச் சன்னல் வைப்பது வேறு. அந்தப் பெண் ஒருநாள் தன் சம்பாத்தியத்தில் மின் மாண்டலின் வாங்குவாளாயின் நாம் மகிழ்வோம். பாட்டனின் கருவியை அதுவாக மாற்ற வேண்டியதில்லை. வயலினைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்று நம் இசைக்குக் கொணர்ந்த பின், நம்மவர்கள் பிடிக்கும் முறையை மாற்றினார்கள், சுருதி கூட்டும் முறையை மாற்றினார்கள், தரையில் அமர்ந்து வாசித்தார்கள். மரத்தை மாற்றவில்லை.

முதல் வழி ஒலிவாங்கி மட்டுமே. கருவியைத் தொடவே வேண்டாம் என்பதால் இதுவே தலையாயது. சென்ற ஆண்டு இதைத்தானே செய்தோம் என்பீர்கள். செய்தோம், மூன்று தவறுகளோடு செய்தோம். ஒலிவாங்கியை ஒரு மீட்டர் தள்ளி வைத்தோம். ஒலிப்பெட்டிகளை மேடையின் மீது, அவளுக்குப் பின்னால், ஒலிவாங்கியைப் பார்க்குமாறு வைத்தோம். கேட்கவில்லை என்றதும் குமிழைத் திருகினோம். பெட்டியிலிருந்து வெளிவரும் ஒலி ஒலிவாங்கியில் புகுந்து, பெருகி, மீண்டும் பெட்டி வழியே வந்து, மீண்டும் புகுந்து சுற்றிக்கொண்டே வளர்வதுதான் ஊளை. குமிழைத் திருகியது நெருப்பில் நெய் வார்த்தது போலாயிற்று.

ஒலிவாங்கியை ஒரு மீட்டரிலிருந்து 20 சென்டிமீட்டருக்குக் கொண்டு வந்தாலே அது பெறும் ஒலி ஏறத்தாழ ஐந்து மடங்காகும். குமிழைத் தொடாமலேயே கிட்டும் ஆதாயம் இது. முன்புறம் கேட்டுப் பின்புறம் கேளாத வகை ஒலிவாங்கியாக இருத்தல் நன்று. பேச்சுக்குப் பயன்படும் பெரும்பாலானவை அவ்வகையே. கருவியின் ஒலித்துளையை நேரே நோக்கி வைத்தால் குடத்துக்குள் பேசுவது போல் கும்மென்று கேட்கும். கழுத்து உடலோடு சேருமிடத்தை நோக்கிச் சற்றே சாய்த்து வைத்தால் தந்தியும் மரமும் ஒருங்கே கேட்கும். பெட்டிகள் எப்போதும் ஒலிவாங்கிக்கு முன்னால், அவையை நோக்கி நிற்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் ஒரு குறை எஞ்சுகின்றது. ஒலிவாங்கி அசையாது, குழந்தை அசைவாள். தாளத்துக்கு உடல் ஆடும்போது 20 சென்டிமீட்டர் 40 ஆகும், ஒலி பாதியாகும். அசையாதே என்று கூறினால் அவள் வாசிப்பாளா, அளவுகோலை நினைத்துக் கொண்டிருப்பாளா? குதிரைக்கும் வால்தகட்டுக்கும் இடையிலுள்ள தந்திகளில் கவ்விக் கொள்ளும் சிறிய ஒலிவாங்கிகள் இப்போது விற்கின்றன. கருவியோடு அவையும் அசையும். அவற்றுக்கு 48 வோல்ட் மின்னழுத்தம் தரும் கலவைப் பெட்டி வேண்டும். விலையும் மிகுதி. நமது சங்கத்தின் வரவு செலவுப் புத்தகத்தை நாம் பார்த்திருக்கின்றோம். ஆதலால் அவற்றைப் பற்றி மேலும் பேசவில்லை.

இரண்டாவது வழி தொட்டுணர்கருவி. காற்றில் வரும் ஒலியைக் கேளாமல், மரத்தின் அதிர்வை நேரே மின்னாக மாற்றுவது. 1880இல் பியேர் கியூரி, ஜாக் கியூரி என்னும் சகோதரர்கள் சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று கண்டார்கள். தாய்மார்களுக்கு இது புதிதன்று; அடுப்புப் பற்ற வைக்கும் லைட்டரை அழுத்தினால் எழும் பொறி இவ்வகையில் பிறப்பதே. பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டையில் வெண்பூச்சுடன் வட்டமான பித்தளைத் தகடு ஒன்று இருக்கும். அதுவும் இதே இனம். ஓரங்குலத்துக்குச் சற்று மிகுந்த அகலமுள்ள அத்தகடு மின்னணுப் பொருள் கடைகளில் சில ரூபாய்க்குக் கிடைக்கின்றது. நம் பள்ளி அறிவியல் ஆசிரியர் அவற்றுள் இரண்டை வாங்கி வந்தார். ஒன்றைப் பற்றுவைக்கும் சூட்டில் கெடுத்தோம். மற்றொன்று நிலைத்தது.

அதை மரத்தில் ஒட்டுவதெப்படி? இருபுறமும் ஒட்டும் நாடா எளிது. ஆனால் நம் ஊர் வெயிலில் ஓரிரவு இருந்தால், பிரிக்கும்போது பாலிஷையும் உரித்துக்கொண்டு வரும். பசை பேச்சுக்கே இடமில்லை. தேன்மெழுகைத் தேர்ந்தோம். நிலக்கடலை அளவு மெழுகை விரலில் உருட்டி இளக்கித் தகட்டின் பின்புறம் வைத்து மெல்ல அழுத்த வேண்டும். எடுக்கும்போது பெயர்த்தல் கூடாது; பக்கவாட்டில் நகர்த்தினால் வழுக்கிக்கொண்டு வரும். அதையும் முதலில் கருவியின் வால்புறத்தில், கண்ணில் படாத ஓரிடத்தில் வைத்து, ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்த பின்னரே மேற்பலகையில் வைத்தோம்.

இணைத்ததும் பெட்டியிலிருந்து வந்த ஒலி நம்மைத் தலைகுனியச் செய்தது. தகர டப்பாவில் மணல் கொட்டினாற்போல் கீச்சுக் குரல். அடித் தந்தியின் ஒலியே இல்லை. கருவி கெட்டதோ என்று கூட நினைத்தோம். அறிவியல் ஆசிரியர் கரும்பலகைக்குச் சென்று கணக்கிட்டார். நாம் வரலாறு பயின்றவர் ஆயினும், அவர் விளக்கியதை விளங்கிய அளவில் சொல்கின்றோம். இத்தகடு சிறு ஊற்றுப் போன்றது. கசியும் நீர் கொஞ்சம். பெரிய வாளியைப் போட்டு இறைத்தால் ஊற்று வற்றிவிடும். சிறு கிண்ணத்தால் மொண்டால் ஊறிக்கொண்டே இருக்கும். பெருக்கியின் நுழைவாயில் 10 கிலோ ஓம் மின்தடை உடையதாயின் அது பெரிய வாளி. தகட்டின் மின்தேக்கம் 20 நானோஃபாரட் என்று கொண்டால், ஏறத்தாழ 800 ஹெர்ட்சுக்குக் கீழுள்ள ஒலியெல்லாம் தேய்ந்துவிடும். மாண்டலினின் அடித் தந்தி 196 ஹெர்ட்சில் பேசுகின்றது. மேல் தந்தியே 659தான். கருவியின் குரல் முழுவதும் வாசலுக்கு வெளியே நின்றுவிட்டது! நுழைவாயில் ஒரு மெகா ஓம் ஆனால் அந்த எல்லை 8 ஹெர்ட்சுக்கு இறங்கிவிடும். எல்லாத் தந்திகளும் உள்ளே வரும்.

அதற்கென ஒன்பது வோல்ட் மின்கலத்தில் இயங்கும் சிறு முன்பெருக்கி ஒன்றை அவரே செய்தார். புலவிளைவு டிரான்சிஸ்டர் ஒன்று, சில மின்தடைகள், மின்தேக்கிகள்; அவ்வளவே. இரைச்சல் புகாதிருக்க அதைத் தகரப் பெட்டியில் அடைத்தார். முகப்பவுடர் டப்பா அதற்கு உதவிற்று. மறுபடியும் இணைத்தோம். அந்தப் பெண் அடித் தந்தியை ஒரு முறை மீட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

தகட்டை வைக்கும் இடத்தைத் தேடியே ஒரு மாலை கழிந்தது. குதிரையின் காலருகே வைத்தால் ஒலி முரடாக இருந்தது. மீட்டுகோல் படும் ஓசையெல்லாம் பெருகிக் கேட்டது. விரல் விரலாக நகர்த்தி, அடித் தந்திப் பக்கம் குதிரையிலிருந்து நான்கு விரற்கடைத் தொலைவில் நிறுத்தினோம். பிற கருவிகளில் இடம் மாறலாம், காதுதான் அளவுகோல். இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. இக்கருவியின் குதிரை ஒட்டப்பட்டதன்று. தந்திகளின் அழுத்தத்தால் மட்டுமே நிற்பது. வேலை எளிதாகுமென்று எல்லாத் தந்திகளையும் ஒரே நேரத்தில் தளர்த்திவிட்டால் குதிரை விழும், சுரத்தானம் மாறும்.

தந்திகளுக்கு அடியில் செருகும் காந்தச் சுருள் ஒன்றும் இருக்கின்றது. இரும்புத் தந்தி காந்தத்தின் முன் அசைய, சுருளில் மின்சாரம் பிறக்கும், ஊளையும் குறைவு. இரவல் வாங்கிப் பார்த்தோம். நன்றாகவே ஒலித்தது; ஆனால் தந்தி மட்டும் கேட்டது, மரம் கேட்கவில்லை. பாட்டியார் சிறிது நேரம் கேட்டுவிட்டு, "இது அவர் வாசிச்சாப்பல இல்லியே" என்றார். திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

கம்பியை யாராவது காலால் தட்டினால் என்னவாகும் என்பதே அடுத்த கவலை. வயலினின் மோவாய்த் தாங்கியைப் போல ஓரத்தில் கவ்விக்கொண்டு, செருகு துளையைத் தாங்கும் பிடிகள் உண்டு. தக்கை ஒட்டியிருந்தால் மரத்தில் தழும்பு விழாது. நாம் அதைவிட எளிய வழியைக் கைக்கொண்டோம். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் ஒருவர் முறுக்கிய பட்டு நூல் கொடுத்தார். கம்பியை ஒரு வளையமாக மடித்து, துணி சுற்றி, வால்தகட்டோடு அந்நூலால் கட்டினோம். இழுப்பு வால்தகட்டில் விழும், மெழுகில் விழாது. முடிச்சைப் போட்டவரும் அவரே. பாவில் அறுந்த இழையை முடிகின்ற விரல்கள் அல்லவா? நாம் போட்ட முடிச்சு இருமுறை அவிழ்ந்தது. அவர் போட்டது ஒரு முறையும் அவிழவில்லை, அவிழ்க்க வேண்டியபோது ஒரே இழுப்பில் அவிழ்ந்தது.

இதை இளைஞர்கள் கருத்தூன்றிக் கேட்க வேண்டும். உலோகத் தந்தியைக் கையில் தொட்டுக்கொண்டு மின்சாரத்தோடு இணைவது விளையாட்டன்று. 1972இல் வேல்ஸ் நாட்டு ஸ்வான்சி நகரில் லெஸ் ஹார்வி என்னும் கிதார்க் கலைஞர், நில இணைப்புச் சரியில்லாத ஒலிவாங்கியைத் தொட்டு மேடையிலேயே மின்னதிர்ச்சியால் உயிரிழந்தார். நாம் ஒத்திகைக்கு வாடகையில் எடுத்த நீட்டிப்புப் பலகையைத் திறந்து பார்த்தபோது, மூன்றாவது முளைக்கு உள்ளே கம்பியே இணைக்கப்படவில்லை. பார்ப்பதற்கு மூன்று துளை; பயனில் இரண்டு. அதைச் சரி செய்யாமல் குழந்தையை அதன் அருகில் அமர்த்துவதில்லை என்று உறுதி செய்தோம். அறிவியல் ஆசிரியர் சோதனை விளக்கை வைத்து ஒவ்வொரு துளையாகப் பார்த்த பின்னரே ஒத்திகை தொடங்கிற்று.

ஒத்திகை சென்ற புதன்கிழமை இதே கூடத்தில் நடந்தது. 150 ஹெர்ட்சுக்குக் கீழுள்ளவற்றைப் பெருக்கியில் வெட்டிவிட்டோம். மாண்டலினுக்கு அங்கே வேலையில்லை, காலடி ஓசைக்குத்தான் வேலை. பிறகு வேண்டுமென்றே ஒலியைக் கூட்டி ஊளையை வரவழைத்தோம். அது எந்தச் சுரம் என்று எங்களுக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, இரண்டாம் தந்தியின் மூன்றாம் மெட்டைத் தொட்டு மீட்டினாள், அதுவேதான். மேலிருந்து இரண்டாவது தந்தி 440 ஹெர்ட்சு. மூன்று மெட்டு ஏறினால் 523. பெருக்கியில் 500 என்று எழுதியிருந்த நெம்பியைச் சற்றே இறக்கினோம். ஊளை நின்றது. கருவிகள் பல விலைக்குக் கிடைக்கும் இக்காலத்தில், அந்தக் காது மட்டும் விலைக்குக் கிடைப்பதில்லை என்று மைக்செட்காரத் தம்பி வியந்தார். சென்ற ஆண்டு ஓட்டை போடலாம் என்றவரும் அவரே. இன்று மெழுகை உருட்டித் தருபவரும் அவரே.

முடிந்ததும் பாட்டியார் மாண்டலினை வாங்கிச் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு சென்றார். பலகை முழுவதையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். மெழுகு இருந்த இடத்தில் காசளவு பளபளப்பு ஒன்று தெரிந்தது. முந்தானையால் இரண்டு முறை துடைத்தார், போய்விட்டது. மறுபடியும் ஒரு முறை சாய்த்துப் பார்த்துவிட்டு, "சரி" என்றார். நாம் 1996இலிருந்து வைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டோம்.

பக்கத்து அறையில் சுருதி கூட்டும் ஒலி கேட்கின்றது. அந்தப் பெண் அணியமாக இருக்கின்றாள் என்று எண்ணுகின்றோம். சென்ற ஆண்டு வாசிக்காமல் விட்ட அந்த இரண்டாவது உருப்படியைத்தான் இன்று முதலில் எடுப்பதாகச் சொல்லியிருக்கின்றாள். மேடைக்கு இருபுறமும் உள்ள ஒலிப்பெட்டிகளை இன்னும் நான்கடி முன்னே தள்ளி வைக்குமாறும், நம் தலைக்கு மேல் சுழலும் இந்த மின்விசிறியைச் சிறிது நேரம் நிறுத்துமாறும் தம்பியைக் கேட்டுக்கொள்கின்றோம். கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவர்கள், கேட்கவில்லையெனில் தயங்காமல் கையை உயர்த்துங்கள்.